கைக்குறியுங் காவலும்

கையை ஒருவிதமாக அமைத்தலும், உடலை ஒரு நிலையில் நிறுத்தலும் மனிதரைத் தீங்கினின்றுங் காக்குமோ என்பது விசாரிக்கத்தக்கது. காக்குமென்னும் நம்பிக்கை சைவருக்கு மாத்திரம் உரியதன்று. நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற யாத்திராகமத்திலே, மோசே கையுயர்த்தியபோது இஸ்ரவேலர் வென்றனர். தாழ்த்தியபோது அமலேக்கியர் வென்றனர். கை தளரவே இருவர் இருபுறமும் நின்று சூரியன் அஸ்தமிக்கும்வரை தாங்கினர் எனக் கூறப்பட்டிருக்கின்றது. ருஷியாவிலே, சிலுவைக்குறியை இருவிரலாலன்றி மூவிரலால் இடவேண்டுமென 1653-ஆம் ஆண்டில் நிக்கோன் என்னுந் தலைமைக்குரு கட்டளையிட்டார். இதனையும் பிற மாற்றங்களையும் எதிர்த்த அவ்வாக்கும் என்னுங் குரு 1682-இல் எரித்துக் கொல்லப்பட்டார். ஆதலால், நமது நியாசங்களை மாத்திரம் பேதைமையென இகழ்தல் நடுநிலையன்று.

இனி, குறியே காவலெனின், கள்வனுங் குறியிட்டுக் களவுக்குச் செல்லலாம். கருத்தே போதும், குறி வேண்டா எனின், கருத்தோ நிலையில்லாதது. உடம்பாகிய கொழுகொம்பின்றிப் படராது. குவித்த கை குவிந்திருக்கும்வரை ஒருவரையும் அடிக்கமாட்டாது. அங்கநியாசத்திலே நெஞ்சு, தலை, குடுமி முதலியவற்றைத் தொட்டு மந்திரத்தை அமைக்கின்றோம். இவ்வுறுப்புக்கள் இனி நம்முடையனவல்ல, இறைவனுடையன என்பதே அதன் கருத்தென நாம் கொள்கின்றோம். இறைவனுக்குக் கொடுத்த கையைத் தீவினைக்கு மீட்டெடுத்தல் களவேயாம். ஆகவே, குறி முதலிலே காப்பது பிறர் செய்யுந் தீங்கினின்றன்று; நம்மிடத்தே தோன்றுந் தீங்கினின்றேயாம்.

நடராசப்பெருமானது முன்வலக்கரம் அபயகரம். காத்தற்றொழிலை உண்மைவிளக்கம் அக்கரத்தில் வைத்துணர்த்தும். அஞ்சற்க என்னும் அக்கரத்தை நாடோறும் வணங்குபவர், தமது கையாற் பிறரை நடுங்கச் செய்வாராயின், அவ்வணக்கத்தாற் பயன் யாது?

சைவாசிரியர்காள்! காலைப் பிரார்த்தனையிலே மாணாக்கருடைய கை குவிந்திருக்கின்றதா என நாம் பார்க்கின்றோம். அவர்களோ நமது கையைப் பார்க்கின்றார்கள். குவியாத கையைப் பிரம்பினாற் குவிப்பித்தல், அச்சத்தைக் கற்பித்தலேயன்றி வழிபாட்டைக் கற்பித்தலாகாது. அச்சத்தாற் குவிந்த கை, பிரம்பு மறைந்தவுடன் விரியும். ஆதலின், குறியின் பொருளை முன்னர் அன்போடு சொல்லுக. பின்னர்க் குறியைப் பழக்குக. எல்லாவற்றிற்கும் முன்னே, நமது கை உயருங்கால் ஒரு பிள்ளையும் முகத்தை மறைத்துக்கொள்ளாதபடி ஒழுகுவோமாக. அவ்வாறொழுகுங் கையே அபயகரத்தை உண்மையாக வணங்கிய கையென்க.