பாதி தானம், பாதி கடன்

கடல் கடந்து சென்று கற்கும் மாணவன் அங்கே நுகரும் சுதந்திரம் அவனுக்கு மட்டுமே உரியதா? டெலாவேர் பல்கலைக்கழகம் 1923இல் தன் மாணவர் எண்மரைப் பிரான்சுக்கு அனுப்பியது. அதன் பின்னர் அமெரிக்க மாணவர் பல்லாயிரவர் ஐரோப்பா சென்று மொழி பயின்று, ஓவியக் கூடங்களைக் கண்டு, ஊர் திரும்பியுள்ளனர். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் சொந்த நாட்டிலேயே மனிதனாக மதிக்கப்படாத ஒருவன் அவ்வாறு செல்லும்போது கேள்வி கூர்மை பெறுகிறது.

டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ் 1892இல் பெர்லினுக்குப் படிக்கச் சென்றார். மேற்படிப்புக்கு உதவி பெறத்தக்க கறுப்பின இளைஞர் அகப்படவில்லை என்று ஸ்லேட்டர் நிதியின் தலைவரும் முன்னாள் ஜனாதிபதியுமான ஹேய்ஸ் சொன்னதாகச் செய்தி வந்திருந்தது. டூபாய்ஸ் விடாது கடிதம் எழுதி அவ்வுதவியைப் பெற்றார். 750 டாலர், பாதி தானம், பாதி கடன்.

ஐசனாக் நகரில் ஒரு ஜெர்மன் குடும்பத்தில் விருந்தினராக அவர் தங்கினார். அவ்வீட்டு மங்கை அவரை விரும்பினாள். அமெரிக்காவில் அவளுக்கு நேரக்கூடிய அவமானத்தை எண்ணி அவர் விலகிக்கொண்டார். சிக்கனமாக ரயிலில் கீழ்வகுப்புகளில் ஊர் சுற்றினார். 1893 பெப்ரவரியில், இருபத்தைந்தாம் பிறந்தநாளன்று, பெர்லினில் தம் அறையில் தனியே மெழுகுவர்த்தி ஏற்றி, தம் இனத்தை உயர்த்தவே இனி உழைப்பதென நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

நம்மவரிலும் இத்தகைய ஒருவர் உண்டு. நியூயோர்க் கொலம்பியாவில் பயின்ற அம்பேத்கர் 1916இல் அங்கிருந்தே லண்டன் சென்றார். பரோடா மன்னரின் புலமைப்பரிசில் அது. திரும்பி வந்து சமஸ்தானத்தில் பணிபுரிய வேண்டுமென்ற ஒப்பந்தமும் உண்டு. 1917இல் திரும்பினார். மேல்நாட்டு வாழ்வில் தாம் தீண்டத்தகாதவர் என்ற எண்ணமே மறைந்துபோயிருந்ததாகப் பின்னாளில் எழுதிய அவருக்கு, பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கி, அங்கிருந்தும் துரத்தப்பட்டார்.

இவ்விருவரும் பெற்ற பட்டங்களைவிட நாம் பெரிதாக மதிப்பது வேறொன்று. இழிவு என்பது தோலிலோ பிறப்பிலோ இல்லை, எல்லை கடந்தால் உதிர்ந்துவிடும் மனிதச் செய்பொருள் அது என்பதைத் தம் உடம்பாலேயே அறிந்தார்கள். இதைக் கொண்டு ஐரோப்பாவைத் தரும தேவதையாக்குவோரும் உளர். பெர்லினில் டூபாய்ஸ் காலடி வைப்பதற்கு ஏழாண்டுகள் முன்புதான் அதே நகரில் வல்லரசுகள் மாநாடு கூடி, ஆப்பிரிக்காவைப் பங்கிட நெறி வகுத்து முடித்திருந்தன. கலப்பினத்தவர் தாழ்ந்தவரே என்று பேராசிரியர் ட்ரைட்ஷ்கே முழங்கியபோது அந்த வகுப்பில் டூபாய்ஸும் அமர்ந்திருந்தார்.

லிந்துலைக்கு வருவோம். டில்லிகூல்ட்ரி, ஹோலிரூட் என ஸ்கொத்லாந்தின் பெயர்கள் இங்குள்ள தோட்டங்களின் பெயர்ப்பலகைகளில் நிற்கின்றன. ஐரோப்பா நமக்கு அனுப்பியது இப்பெயர்களையும், துரை பங்களாவையும், லயக் காம்பராவையும்தான். அந்தக் காம்பராவிலிருந்து ஒரு பெண் பேராதனைக்கோ அதற்கப்பாலோ போய்விட்டால், 'நீ சமூகத்துக்குக் கடன்பட்டவள், திரும்பி வந்து தொண்டு செய்' என்று மேடைதோறும் உபதேசம் கேட்கிறது. ஆசிரியராகிய நாமும் அதைப் பரிசளிப்பு விழாக்களில் ஓதுகிறோம். திரும்பி வர விரும்புகிறவள் வரட்டும். ஆனால் கடன் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டாமா?

இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் அன்று தேயிலையே தலையாயது. அக்கொழுந்தைப் பறித்தவளின் பிள்ளைக்குக் கிடைத்ததோ, ஓராசிரியர் கொட்டகையும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் படிப்பும். தோட்டப் பள்ளிகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன்னரே அரசாங்கப் புலமைப்பரிசிலில் இங்கிலாந்து சென்று, மழைக்குக் குடைபிடித்து, மாலையில் தேநீர் அருந்திப் பட்டம் பெற்று மீண்ட இலங்கைக் கனவான்கள் எத்தனை பேர்! அவர்களுக்குக் கட்டிய கட்டணத்தில் அட்டை கடித்த கால்களின் உழைப்பும் இருந்தது. அவர்களில் எவரிடமாவது, 'லிந்துலைக்கு நீ கடன்பட்டவன்' என்று எவரேனும் சொன்னதுண்டா? பாதி தானம் என்றுகூடச் சொல்லாமல் முழுதும் தம் அறிவின் சம்பளமாக எழுதிக்கொண்டார்கள்.

லயத்துப் பிள்ளையிடம் அரசு கடன் கேட்பது இன்னும் விந்தை. 1948இல் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்த அரசு அது. மிச்சமிருந்தோரின் கணக்கை முடிக்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. நாடற்றவனுக்குக் கடவுச்சீட்டு ஏது, கடல் கடந்த படிப்பு ஏது? டூபாய்ஸின் கடவுச்சீட்டையும் அமெரிக்க அரசு 1950களில் பல்லாண்டுகள் தடுத்து வைத்திருந்தது. அவர் 1963இல் கானாவின் தலைநகர் அக்ராவில், அந்நாட்டுக் குடிமகனாக இறந்தார்.

கொழும்பில் ஊர் கேட்டால், 'நுவரெலியா' என்று மட்டும் சொல்லித் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிடும் மாணவர்களை நாம் அறிவோம். அவர்களைக் கோழைகள் என்று ஏச நமக்கு மனமில்லை. பரோடாவில் அம்பேத்கரே பெயரை மறைக்க நேர்ந்ததன்றோ? லயத்து வீடுகளுக்குத் தனி முகவரியே இல்லாமல், பல்கலைக்கழகக் கடிதமும் தோட்ட அலுவலகத்துக்கு வந்து கிடந்த நிலையில், எந்த முகவரியைத்தான் அவர்கள் சொல்வது?