விலை கொடுப்பவர் மீதான கேள்வி

விலைமகளிரை அகற்றினால் காமம் எல்லாவற்றையும் குலைத்துவிடும் என்று எழுதினார் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின். 13ஆம் நூற்றாண்டில் இன்னொரு இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸ் அதையே எடுத்துக்காட்டி, பெரிய தீமையைத் தவிர்க்கச் சிறியதைப் பொறுக்கலாம் என்றார். அந்த வாதத்தில் பணம் கொடுக்கும் ஆணிடம் கேள்வியே இல்லை.

1999 ஜனவரி 1 முதல் சுவீடன் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. அங்கே பாலுறவை விற்பது குற்றமல்ல. வாங்குவதும் வாங்க முயல்வதும் குற்றம். ‘எஸ்கார்ட்’ (துணை) என்ற பெயர் யாரையும் காப்பாற்றாது. உணவு விடுதிக்குத் துணையாக வர மட்டும் பணம் தந்தால் வழக்கில்லை. உடலுறவுக்கு விலை பேசி ஓட்டல் அறைக்குப் போனவர் முயற்சிக்கே சிக்கலாம். 2016இல் பிரான்சும் இதே வழிக்கு வந்தது: முதல் முறை 1,500 யூரோ வரை அபராதம், மீண்டும் பிடிபட்டால் 3,750 வரை.

காசுக்காகக் கிடைத்த சம்மதம் சம்மதமா? மனிதரை வெறும் கருவியாக்காதே என்ற தத்துவஞானி காண்ட், உடலை விலைக்குத் தருவதை ஏற்கவில்லை. ஆனால் ‘நானே முடிவெடுத்தேன்’ என்று சொல்லும் பெண்ணை நம்ப மறுப்பதும் அவமதிப்பே.

பிரான்சின் சட்டத்தை எதிர்த்துப் பாலியல் தொழில் செய்யும் 261 பேர் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் முறையிட்டனர்: வாடிக்கையாளரின் பயம் தங்களை ஆபத்தான மறைவிடங்களுக்குத் தள்ளுகிறது என்று. 2024 ஜூலையில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தில் உரிமை மீறல் இல்லை என்றது. ஆனால் சட்டத்தை இடைவிடாமல் மறுபரிசீலனை செய்யவும் சொன்னது.