அந்த வெளிச்சத்தில் யாரைக் கண்டோம்?

1972ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 7ஆம் நாள். அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தில் நள்ளிரவு கடந்துவிட்டது. கென்னடி விண்வெளி நிலையத்தைச் சூழ்ந்த வீதிகளிலும் நீர்க்கரைகளிலும் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் திரண்டிருந்ததாக மதிப்பிடப்பட்டது. முதல்நாள் இரவு 9.53 மணிக்குப் புறப்பட வேண்டிய அப்பலோ 17 விண்கலம், 30 விநாடிகளே எஞ்சியிருக்கையில், தன்னியக்கக் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட கோளாறினால் தடைப்பட்டு நின்றது. 2 மணி 40 நிமிடம் தாமதித்து, 12.33 மணிக்கு, 110 மீற்றர் உயரமான சற்றேர்ண் 5 ரொக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலெழுந்தது. மனிதரைச் சுமந்த அமெரிக்க விண்கலமொன்று இரவு வேளையில் ஏவப்பட்டது அதுவே முதற்தடவை.

இரவு பகலாயிற்று. ஏவுதளத்துக்கு மிக அண்மையில் நிற்க அனுமதி பெற்ற பார்வையாளர்கள்கூட ஐந்தாறு கிலோமீற்றர் தொலைவிலேயே நின்றார்கள். ஒளி அவர்களை நொடிப்பொழுதில் வந்தடையும். ஒலி வந்துசேர 15 விநாடிகளுக்கு மேல் செல்லும். ஆகவே முதலில் ஓசையற்ற ஒரு பகல். அதன் பின்னரே நெஞ்சில் வந்து மோதும் முழக்கம். பகலில் ஏவப்படும் ரொக்கெட்டைப் பார்க்க வந்தவன் ரொக்கெட்டை மட்டுமே பார்க்கிறான். இரவில் ஏவப்படுவதோ பார்க்க வந்தவர்கள் மீதும் வெளிச்சத்தை வீசுகிறது. அதுவரை இருளில் வெறுங்குரலாய் இருந்த பக்கத்து மனிதனுக்கு அப்போது ஒரு முகம் உண்டாகிறது.

இதை முன்வைத்து நாம் ஒரு கேள்வியை ஆராயலாம். உலகில் பசித்தவர்கள் இருக்கும்போது, இத்தகைய காட்சியின் முன் மெய்மறந்து நிற்பது கிறிஸ்தவனுக்குத் தகுமா? வியப்பு ஒரு பாவமா?

கேள்வி புதியதல்ல. அப்பலோ திட்டம் முழுவதற்கும் 2,540 கோடி டொலர் செலவானதென 1973இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1969 யூலை 15ஆம் நாள், அப்பலோ 11 புறப்படுவதற்கு முதல்நாள், போதகர் றால்ப் அபர்னதி கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளோடும் வறிய மக்களோடும் விண்வெளி நிலையத்துக்கு வந்தார். மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட பின் அவருடைய பணியைத் தோளில் ஏற்றவர் இவர். நாசாவின் தலைவர் தோமஸ் பெயின் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். பொத்தானை அழுத்தாமல் விடுவதால் வறுமை தீருமானால் நாங்கள் அதை அழுத்தமாட்டோம் என்ற கருத்துப்பட அவர் பதிலளித்தார். அபர்னதி தமது கோரிக்கையைக் கைவிடவில்லை. ஆயினும் விண்வெளி வீரர்களுக்காகச் செபிப்பதாகச் சொன்னார். அவரோடு வந்த ஏழைக் குடும்பங்கள் சிலவற்றுக்கு மறுநாள் அந்தக் காட்சியைக் காண இடமும் அளிக்கப்பட்டது.

அபர்னதி வியப்பை வெறுக்கவுமில்லை, பசியை மறக்கவுமில்லை. ஏழை என்பவன் சோற்றுக்கு மட்டும் உரியவன், அழகுக்கும் அறிவுக்கும் உரியவனல்லன் என்று அவர் எண்ணவில்லை. அவர்களும் பார்க்கட்டும், அவர்களையும் மற்றவர்கள் பார்க்கட்டும் என்பதே அவர் செய்ததன் பொருள்.

விரயம் என்று குற்றஞ்சாட்டுபவன் யார் என்பதையும் நாம் நோக்க வேண்டும். பெத்தானியாவிலே மரியாள் ஆண்டவரின் பாதங்களில் பரிமளத் தைலத்தைப் பூசியபோது, அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ். அவனுக்கு ஏழைகள்மீது அக்கறை இருந்ததில்லை என்று புனித அருளப்பர் குறிப்பிடுகிறார். ஏழைகளோடு நின்று கேட்கும்போது அது நீதியின் குரல். ஏழைகளைச் சாட்டாக வைத்துக் கேட்கும்போது அது வேறு.

திருச்சபையின் மனம் இவ்விடயத்தில் தெளிவானது. 1969 யூலை 20ஆம் நாள் இரவு, பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் கஸ்தேல் கந்தோல்போவிலுள்ள வத்திக்கான் வானாய்வுக்கூடத்தில் தொலைநோக்கியினூடாகச் சந்திரனைப் பார்த்தார். இரண்டாண்டுகளுக்கு முன், 1967இல், மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலிலே, படைக்கலங்களுக்குச் செலவாகும் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு வறிய மக்களுக்காக உலக நிதியம் ஒன்றை அமைக்குமாறு நாடுகளைக் கேட்டவரும் அவரே. ஒரே உள்ளத்தில் இரண்டுக்கும் இடமிருந்தது.

ஆகவே வியப்பு பாவமன்று. 8ஆம் திருப்பாடலைப் பாடியவர் நிலவையும் விண்மீன்களையும் நோக்கி வியந்த பின்னரன்றோ, மனிதன் எம்மாத்திரம் என்று இறைவனிடம் கேட்டார்! 2022 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை 1.47 மணிக்கு ஆர்ட்டெமிஸ் 1 ஏவப்பட்டபோதும் அதே புளோரிடாக் கரையில் மக்கள் கூடி நின்றனர். இந்த ஆவல் மனிதனை விட்டு நீங்குவதில்லை, நீங்கவும் கூடாது.

ஆனால் வியப்பு வேறு, வேடிக்கை வேறு. அறிவை ஒழுங்காக நாடுவது நற்பண்பு என்றும், ஒழுங்கற்ற ஆவல் அதற்கு எதிரான குற்றம் என்றும் புனித அக்குவினாஸ் தோமையார் பிரித்துக் காட்டினார். மலைகளையும் கடலையும் விண்மீன்களையும் வியக்கப் புறப்படுகிற மனிதர் தம்மையே மறந்துவிடுகிறார்களே என்று புனித அகுஸ்தீனார் வருந்தினார். வேடிக்கை கண்ணோடு முடிந்துவிடும். வியப்போ, இது எப்படி உண்டாயிற்று, யாருடைய கைகளால் உண்டாயிற்று, இதற்கு யார் விலை கொடுத்தார் என்று கேட்கும்.

அப்படிக் கேட்போமானால் கசப்பான உண்மைகளும் வெளிவரும். சற்றேர்ண் 5 ரொக்கெட்டின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய வேர்ணர் வொன் பிறவுண், இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனிக்காக வி-2 ஏவுகணையை ஆக்கியவர். 1944இல் இலண்டன்மீது விழத் தொடங்கிய அந்த ஏவுகணையை, மிற்றல்பௌ-டோறா முகாமின் நிலக்கீழ்ச் சுரங்கங்களிலே கைதிகள் அடிமைகளாகச் செய்தார்கள். அம்முகாமில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். நள்ளிரவைப் பகலாக்கிய அந்தப் பெருநெருப்பின் முன்வரலாற்றில் வெளிச்சம் படாத இம்முகங்களும் உள்ளன. நெருப்பு எங்கே போகும் என்பதை மனிதனே தீர்மானிக்கிறான். இது நமக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதன்று. போர்க்காலத்தில் நமது வானத்தில் பரா லைற் எரிந்தபோது நாம் வியந்து நிற்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினோம்.

அப்படியானால் வியப்பை உரைத்துப் பார்க்கும் உரைகல் எது? ஆண்டவர் மலையிலே உருமாறியதை எண்ணிப் பாருங்கள். அந்த ஒளியைக் கண்ட புனித இராயப்பர் அங்கேயே கூடாரங்கள் அமைத்துத் தங்கிவிட விரும்பினார். ஆண்டவர் அந்த ஒளியைக் காட்டத் தயங்கவில்லை. ஆனால் சீடரை அங்கே குடியிருக்க விடவுமில்லை. மலையடிவாரத்தில் நோயுற்ற மகனோடு ஒரு தகப்பன் காத்திருந்தான். மலைமேல் கண்டது மெய்யா பொய்யா என்பது அடிவாரத்தில் அந்தத் தகப்பனை எதிர்கொள்ளும்போது தெரிந்துவிடும்.

அப்பலோ 17இல் சென்ற மூவரும் புறப்பட்டுச் சுமார் 5 மணி நேரத்தின் பின் நமது பூமியைத் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்தார்கள். ஏறத்தாழ 29,000 கிலோமீற்றர் தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் ஆபிரிக்காவும் அரேபியாவும் தென்துருவப் பனியும் தெளிவாகத் தெரிகின்றன. நாட்டெல்லை எதுவும் தெரியவில்லை என்று பலரும் போற்றினர். உண்மைதான். ஆனால் முகம் எதுவும் தெரியவில்லை என்பதும் உண்மை. அத்தனை தொலைவிலிருந்து மனுக்குலம் முழுவதையும் நேசிப்பது எளிது. அங்கிருந்து பார்த்தால் யாரும் கடன் கேட்பதில்லை, யாரும் அழுவதில்லை. ஆண்டவரோ மனுக்குலத்தை நேசி என்று நிறுத்திக்கொள்ளாமல், அயலவனை நேசிக்கக் கட்டளையிட்டார். அயலவன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவன்.

புளோரிடாவுக்குப் போக நம்மில் அநேகருக்கு வாய்ப்பில்லை. ஆனால் பங்குத் திருவிழா இரவில் கோவில் முற்றத்துக்கு மேலே வாணம் வெடிக்கும்போது நாமும் அண்ணாந்து பார்க்கிறோம். பார்ப்போம், பிள்ளைகள் கைதட்டி மகிழட்டும். அதே வெளிச்சத்தில் பக்கத்தில் நிற்பவரையும் ஒருமுறை பார்ப்போம். காணாமலாக்கப்பட்ட மகனை இன்னும் எதிர்பார்த்திருக்கும் தாய் அங்கே நிற்கலாம். திருவிழாவுக்காகக் கடன்பட்டுப் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கிய தகப்பன் நிற்கலாம். ஓராண்டாக நாம் பேசாமலிருக்கும் சகோதரனும் நிற்கலாம். வாணத்தின் வெளிச்சம் ஒரு கணந்தான். ஆனால் நாளைக் காலையில் யாருடைய வீட்டுக்குப் போகவேண்டும் என்று அறிந்துகொள்ள அந்த ஒரு கணம் போதும்.