பிழைத்தவரின் கடன்

ரொறன்ரோவின் குயின்ஸ் பார்க்கில், மாகாண சட்டசபைக் கட்டடத்தின் மேற்குப் பக்கமாக ஒரு மார்பளவுச் சிலை இருக்கின்றது. 2009இல் பதாகைகளோடு அந்தப் புல்வெளியில் நின்ற நாட்களில் நாம் பலமுறை அதனைக் கடந்து போனோம். யாருடைய சிலை என்று கேட்கவில்லை. எமக்கு அப்போது வேறு துயரம். வில்லியம் லயன் மக்கென்சி என்ற அந்த மனிதர் அரசியல்வாதி, நூலாசிரியர், பத்திரிகை அதிபர், இந்நகரின் முதல் மேயர் என்பதைப் பின்னரே அறிந்தோம். ஆயுதக் கிளர்ச்சிக்கு மக்களை அழைத்து, தோற்று, அயல்நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அகதியாக வாழ்ந்தவர் என்பதையும் அறிந்தோம். அறிந்த பின்னர் அவரைவிட்டு எளிதில் விலக முடியவில்லை.

அவருடைய வாழ்க்கை எம்மிடம் கேட்பது இதுதான்: எழுதியும் பேசியும் பிறரைப் போருக்கு அழைத்தவர் தப்பிவிட, அழைப்பை ஏற்று வந்தவர் இறந்துபோனால், தப்பியவர் இறந்தவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? பின்னொரு நாளில் "அது தவறு" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா?

மக்கென்சி 1795இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தார். சில வாரங்களில் தந்தை இறந்துவிட, தாயே வளர்த்தார். 1820இல் கனடாவுக்கு வந்து கடை நடத்தினார். 1824 மே மாதம் குயின்ஸ்டனில் 'கொலோனியல் அட்வகேற்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, அந்த ஆண்டே அன்று யோர்க் எனப்பட்ட ரொறன்ரோவுக்கு அதனைக் கொண்டுவந்தார். அப்போது பதவிகளும் காணிகளும் ஒரு சில குடும்பங்களின் கையில் இருந்தன. மக்கள் அவர்களைக் 'குடும்பக் கூட்டு' என்று அழைத்தார்கள். மக்கென்சி அவர்களைப் பெயர் சொல்லி எழுதினார். வரம்பு மீறியும் எழுதினார்.

1826 ஜூனில் அக்குடும்பங்களின் இளைஞர்கள் அச்சுக்கூடத்தை உடைத்து அச்செழுத்துகளை ஏரியில் எறிந்தார்கள். 1981 ஜூனில் யாழ் நூலகத்தோடு ஈழநாடு பணிமனையும் எரிந்ததை அறிந்த எமக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் முடிவு வேறு. மக்கென்சி அன்று கடன்காரருக்கு ஒளித்து எல்லைக்கு அப்பால் இருந்தார். பத்திரிகை மூடும் நிலையில் இருந்தது. நீதிமன்றம் 625 பவுண் நட்டஈடு வழங்க, அது மீண்டும் எழுந்தது. 1828இல் அவர் சட்டசபைக்குத் தெரிவானார். 1831 டிசம்பரில் அவதூறு எழுதினார் என்று சபை அவரை வெளியேற்றியது. 1832 ஜனவரி இடைத்தேர்தலில் 119 வாக்குகள் அவருக்கு, எதிராக ஒன்று. சபை மீண்டும் வெளியேற்ற, மக்கள் மீண்டும் அனுப்பினார்கள். லண்டன் சென்று முறையிட்டார். 1833இல் அங்கே நூல் வெளியிட்டார். 1834இல் மேயரானார். அந்தக் கோடையில் வாந்திபேதி பரவியபோது நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவி, தாமும் நோயில் விழுந்து எழும்பினார். அவரைச் சுயநலமி என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

1836 தேர்தலில் தோற்றார். புதிய பத்திரிகை தொடங்கினார். அதன் மொழி மாதத்துக்கு மாதம் கடுமையானது. 1837 டிசம்பர் முதல் வாரத்தில், இன்றைய எக்ளிங்டனுக்குச் சற்று வடக்கே, யங் வீதியில் இருந்த மொண்ட்கொமெரி விடுதியில் சில நூறு கமக்காரர்கள் கூடினார்கள். சிலரிடம் துவக்கு, பலரிடம் ஈட்டியும் தடியும். திரண்டு போனாலே அரசு பணிந்துவிடும் என்று நம்பி வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். 5ஆம் திகதி இரவு நகரை நோக்கி நடந்தபோது சிறிய காவற்படை ஒன்று சுட்டது. முன்வரிசையினர் திருப்பிச் சுட்டுவிட்டு, பின்னால் நின்றவர்கள் சுடுவதற்கு வசதியாக நிலத்தில் படுத்தார்கள். பின்னால் நின்றவர்களோ அவர்கள் செத்து விழுந்துவிட்டதாக எண்ணி ஓடினார்கள். 7ஆம் திகதி அரசபடை வர, அரை மணித்தியாலத்துள் எல்லாம் முடிந்தது.

மக்கென்சியின் தலைக்கு 1,000 பவுண். ஆனால் வழியெங்கும் ஏழைக் கமக்காரர்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் நயாகரா ஆற்றைக் கடந்து அமெரிக்காவில் ஏறினார். வடக்கிலிருந்து ஆட்களோடு வந்த கொல்லர் சாமுவெல் லவுண்ட் ஈரி ஏரியைப் படகில் கடக்க முயன்றார். காற்று படகைத் திருப்பி அடிக்க, பிடிபட்டார். கமக்காரர் பீற்றர் மத்தியூசும் பிடிபட்டார். ஆயிரக்கணக்கானோர் கருணை மனுவில் ஒப்பமிட்டும் பயனில்லை. 1838 ஏப்ரல் 12ஆம் திகதி இருவரும் ரொறன்ரோ சிறை முற்றத்தில் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஒருவரை ஆறு விட்டது; ஒருவரைக் காற்று விடவில்லை. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு தகுதியல்ல. நாம் இதை அறிவோம். ஒரே வீட்டிலிருந்து இருவர் புறப்பட்டு ஒருவர் மட்டும் வந்து சேர்ந்த கதை எமது குடும்பங்களில் புதிதல்ல. வந்து சேர்ந்தவர் குற்றவாளி அல்லர். ஆனால் கடன் என்பது குற்றத்தால் மட்டும் வருவதன்று.

அமெரிக்காவில் மக்கென்சி பட்டவை கொஞ்சமல்ல. நடுநிலைமைச் சட்டத்தை மீறியதாக 1839இல் றொச்செஸ்ரர் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே இருந்தபோது தாய் இறந்தார். இறுதி ஊர்வலத்தைச் சிறை யன்னலில் நின்று பார்த்தார். பின்னர் நியூயோர்க் சுங்கப் பணிமனையில் எழுதுவினைஞராக இருந்தபோது அகப்பட்ட கடிதங்களை வைத்து, அந்நாட்டு அரசியலின் ஊழலை 1845இல் நூலாக்கினார். எந்தக் குடியரசைக் கனடாவுக்கு முன்மாதிரி என்று எழுதினாரோ அதன் உட்புறம் அவருக்குத் தெரிந்துவிட்டது. 1849இல் ஒரு கடிதத்தில், தாமும் பிறரும் ஈடுபட்ட வன்முறை வென்றிருந்தால் அது கனேடிய மக்களுக்கே பெருந்தீங்காக முடிந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

இந்த வாக்கியத்தின் முன்னால்தான் நாம் நின்றுவிடுகிறோம். லவுண்டுக்குப் பதினொரு ஆண்டுகள் யோசிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. கருத்தை மாற்றிக்கொள்வதும் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி.

1848இல் பொறுப்பாட்சி வந்துவிட்டதே, அந்த உயிர்கள் வீண்போகவில்லை என்று சொல்வார்கள். அதைக் கொண்டுவந்தவர்கள் ஆயுதம் எடுக்காத போல்ட்வினும் லபொன்ரெய்னும். கிளர்ச்சி அதற்கு வழி திறந்தது என்று வைத்துக்கொண்டாலும், ஊருக்குக் கிடைத்த நன்மை ஒரு வீட்டின் இழப்புக்கு விலையாகாது. தூக்கிலிட்டது அரசுதானே என்பார்கள் வேறு சிலர். உண்மை. கொன்றவரின் பொறுப்பை அழைத்தவரின் தலையில் போடுவது அநீதி. ஆனால் கொன்றவரின் குற்றம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அழைத்தவரின் கணக்கு அதனால் தீர்ந்துவிடாது. மூன்றாவது வாதமே எம்மிடையே அதிகம்: தப்பியவர் "தவறு" என்று சொல்வது இறந்தவருக்குச் செய்யும் துரோகம். இதையும் எம்மால் ஏற்க இயலவில்லை. தவறென்று கண்டவர் இறந்தவர்களின் பெயரால் மௌனமாக இருந்தால், நாளை இன்னொருவரை அழைப்பதற்கு அந்த இறந்தவர்களே காரணமாக்கப்படுவார்கள். ஆகவே சொல்ல உரிமை உண்டு, சொல்வது கடமையும்கூட.

ஆனால் யாரிடம் சொல்வது? மக்கென்சியின் அந்தக் கடிதம் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் செயலாளர் கிரே பிரபுவுக்கு எழுதப்பட்டது. பொதுமன்னிப்பு வந்த ஆண்டும் அதுவே. கருத்து நேர்மையானதாகவே இருக்கலாம், நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் மனவருத்தம் அதிகாரத்தின் முகவரிக்குப் போகும்போது விண்ணப்பத்தின் சாயல் வந்துவிடுகின்றது. அந்த வாக்கியத்தை முதலில் கேட்கவேண்டியவர்கள் லவுண்டின் வீட்டார், மத்தியூசின் வீட்டார்.

எமது மொழியில் 'பிழைத்தல்' என்றால் உயிர் தப்புதல். தவறு செய்தலும் அதுவே. கூட்டங்களில் பேசியவர்கள், எழுதியவர்கள், நிதி சேர்த்தவர்கள், கைதட்டியவர்கள் என்று நாம் எல்லோரும் இரண்டு பொருளிலும் பிழைத்தவர்கள். இன்று சிலர் மாநாடுகளில், அந்நியர் முன், அழகான மொழியில் தவறை ஒப்புக்கொள்கிறார்கள். சிலர் ஒன்றுமே நடவாததுபோல் இருக்கிறார்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு தாய் ஸ்காபரோவில் அடுக்குமாடியொன்றில் இருக்கிறார். ஊரில் போன மகனின் படத்துக்கு நாளாந்தம் விளக்கு வைக்கிறார். அந்நாளில் ஊர் மேடைகளில் பேசிய ஒருவரும் அதே வீதியில்தான் குடியிருக்கிறார். அந்தத் தாயைக் கண்டால் மறுகரைக்கு மாறிவிடுவார். ஒருநாள் அந்த அம்மா சொன்னார்: "அவர் என்னட்ட ஒண்டும் சொல்லத் தேவையில்லை தம்பி. ஒருக்கா வந்து இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

மக்கென்சி 1850இல் குடும்பத்தோடு திரும்பினார். அடுத்த ஆண்டே ஜோர்ஜ் பிரவுனைத் தோற்கடித்துப் பாராளுமன்றம் புகுந்து, 1858வரை இருந்தார். ஆதரவாளர்கள் பணம் சேர்த்துப் பொண்ட் வீதியில் வாங்கிக் கொடுத்த வீட்டில் 1861 ஓகஸ்ட் 28ஆம் திகதி இறந்தார். அவரை நெக்ரோபொலிஸ் மயானத்தில் புதைத்தார்கள். எம்மவர் பலர் வந்திறங்கிய காலத்தில் குடியிருந்த சென்ற் ஜேம்ஸ் ரவுணிலிருந்து அது நடந்துபோகும் தூரம். லவுண்டும் மத்தியூசும் அங்கேதான் இருக்கிறார்கள். வேறிடத்தில் புதைத்திருந்த அவர்களது எச்சங்கள் 1859இல் அங்கு மாற்றப்பட்டன. 1893இல் எழுப்பிய நினைவுத்தூண், நடுவில் முறிந்ததுபோலச் செய்யப்பட்டிருக்கின்றது.

மூவரும் ஒரே மயானத்தில் இருக்கிறார்கள். எமக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அம்மாவின் வீடு எட்டாம் மாடியில். பேசியவரின் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.