நகரத் தலைமையும் அமானிதமும்

பதவியைத் தேடிச் செல்வது தகுமா, தகாதா? மார்க்கக் கல்வி பயில்வோர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது. பேணுதல் மிக்க நம் பெரியவர்கள் பலர், அந்த வம்பே நமக்கு வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பதைக் காண்கிறோம். வேறு சிலரோ, பதவி கிடைப்பதையே வாழ்வின் பெரும்பேறாகக் கருதி ஓடுகின்றனர். இவ்விரு போக்கில் எது சரியானது என்பதை ஏட்டளவில் மட்டும் ஆராயாமல், நம் தாமிரபரணிக் கரையில் நிகழ்ந்த ஒன்றை முன்வைத்துச் சிந்திப்போம்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், திருநெல்வேலி மாநகராட்சியின் 25-ஆவது வார்டு உறுப்பினராயிருந்த திரு. ராமகிருஷ்ணன் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிட்டு என்றால்தான் ஊராருக்குத் தெரியும். முந்திய மேயர் திரு. சரவணன் ஜூலையில் பதவி விலகியதால் வந்த தேர்தல் அது. 55 உறுப்பினர் கொண்ட மன்றத்தில் சொந்தக் கட்சியைச் சேர்ந்த ஒருவரே எதிர்த்து நிற்க, இவர் 30 வாக்குகளும் அவர் 23 வாக்குகளும் பெற்றனர். மிதிவண்டியில் வார்டைச் சுற்றிவரும் எளியவர் என்று செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதின. படித்தவர்கள் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம்.

ஆனால் மகிழ்ச்சி அடங்கியபின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. எளிமை போற்றத்தக்க குணமே. அது ஒன்றே ஒரு நகரை நடத்தும் தகுதியாகிவிடுமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அபூதர் (ரலி) அவர்கள் ஒரு பொறுப்பு வேண்டி நின்றார்கள். உலகப் பற்றற்ற வாழ்வுக்கு அபூதரைக் காட்டிலும் சிறந்த சான்று கூறுவது அரிது. அத்தகையவரின் தோளைத் தட்டி, நீர் இதற்கு வலுவற்றவர். இதுவோ ஓர் அமானிதம். உரியபடி ஏற்று உரியபடி நிறைவேற்றியவருக்கன்றி மற்றவர்க்கு மறுமையில் இது இழிவும் கைசேதமுமாகும் என்னும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அபூதரின் ஈமானில் குறை ஏதும் இல்லை. குறை வேறிடத்தில் இருந்தது. நல்லவராயிருத்தல் வேறு, நடத்தத் தெரிந்தவராயிருத்தல் வேறு என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு விளக்குகிறது.

மறுபுறம், யூசுப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றதைத் திருமறை கூறுகிறது. அவர்கள் தம் தகுதியாக எடுத்துக் கூறியவை இரண்டு: பேணிக் காக்கும் பண்பு, அறிவு. தம் நபித்துவத்தையோ குலப்பெருமையையோ அவர்கள் அங்கு முன்வைக்கவில்லை. வரவிருந்த பஞ்சத்தையும் அதற்கான வழியையும் அறிந்திருந்தமையால் சுமையைக் கேட்டு வாங்கினார்கள். ஆகவே ஒருவன் இருக்கையைத் தேடுகின்றானா, சுமையைத் தேடுகின்றானா என்பதே நாம் பிரித்தறிய வேண்டுவது.

நகராட்சி வேலை சாக்கடையும் குப்பையும் தானே, இதற்கும் மார்க்கத்திற்கும் என்ன தொடர்பு என்பார் உளர். ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தீ அவர்கள், ஆட்சிச் சட்டங்களைப் பற்றிய தம் நூலில், ஊரின் நீர்வழி பழுதுபட்டாலோ மதில் இடிந்தாலோ பொது நிதியிலிருந்து அதைச் சீர்செய்ய வேண்டும் என்றும், நிதி இல்லையேல் ஊரில் வசதி படைத்தோர் அனைவர் மீதும் அப்பொறுப்புச் சாரும் என்றும் வகுத்துரைத்தார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லைச் சந்திப்புப் பேருந்து நிலையப் பகுதியும் ஆட்சியர் அலுவலக வளாகமும் வெள்ளத்தில் நின்ற நாட்களை நினைத்துப் பாருங்கள். எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டுள்ளது, தண்ணீர் எந்தத் தெருவில் முதலில் ஏறும் என்னும் அறிவு அன்று உயிர்காக்கும் அறிவாயிற்று. வார்டு உறுப்பினராய்த் தெருத்தெருவாய் நடந்தவரிடம் இவ்வறிவு சேர்ந்திருக்கும். மிதிவண்டியின் உண்மையான மதிப்பும் அதுவே: அதில் செல்பவர் கண்ணுக்குச் சாக்கடை தப்பாது.

ஆனால் வார்டு ஒன்று, மாநகரம் 55. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் ஆகிய நகராட்சிகளும் தச்சநல்லூர்ப் பேரூராட்சியும் ஒன்றாக்கப்பட்டு 1994-இல் இம்மாநகராட்சி உருவாயிற்று. தனக்கெனத் தனி நகராட்சி கொண்டிருந்த மேலப்பாளையத்தார், அதன்பின் ஆற்றைக் கடந்து சந்திப்புக்குச் சென்று முறையிட வேண்டியவராயினர். 1996-இல் மக்களே நேரடியாக வாக்களித்து உமா மகேசுவரி அம்மையாரை முதல் மேயராக்கினர். 2022-இலோ மேயரைத் தேர்ந்தது உறுப்பினர் மன்றம். 2016 முதல் 2022 வரை மன்றமே இல்லாமல் அதிகாரிகளே நகரை நடத்தினர். தட்டுவதற்கு ஒரு கதவில்லாத தெரு எப்படித் தவிக்கும் என்பதை அக்காலத்தில் நாம் அறிந்துகொண்டோம்.

தன் தெருவாரின் முகமறிந்து பதில் சொன்னவர், முகமறியாதோர்க்கும் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு உயரும்போதுதான் அமானிதம் கனக்கத் தொடங்குகிறது. ஹிம்ஸு நகரின் ஆளுநராயிருந்த ஸயீத் இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் வரலாறு இங்கே நினைவிற்கு வருகிறது. அந்நகரின் ஏழைகள் பட்டியலில் ஆளுநரின் பெயரே இருந்ததாம்! அத்துணை எளியவர் மீதும் மக்கள் குறை கூறினர்: பகல் ஏறிய பின்னரே வெளியே வருகிறார், திங்களில் ஒருநாள் காணவே கிடைப்பதில்லை என்று. உமர் (ரலி) அவர்கள், அவர் நல்லவர் ஆயிற்றே என்று கூறி மக்களை அடக்கவில்லை. இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி விடை கேட்டார்கள். பணியாள் இல்லாமையால் தாமே மாவு பிசைந்து ரொட்டி சுடுவதையும், மாற்றுடை இல்லாமையால் உள்ள ஆடையைத் துவைத்து உலரும்வரை காத்திருப்பதையும் ஸயீத் அவர்கள் தயக்கத்துடன் கூறினார்கள்.

இவ்வரலாற்றில் ஆளுநரின் வறுமையையே நாம் பயான்களில் எடுத்துரைக்கிறோம். மக்கள் கேட்டார்களே, அதை மறந்துவிடுகிறோம். நல்லவரிடமும் கணக்குக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கேட்பாரற்றுப் போனால் நல்லவரும் மெல்ல மெல்லக் கதவைச் சாத்திக்கொள்வார்.

நாம் என்ன கேட்கிறோம் என்பதையும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வோமாக. மகனுக்கு ஒரு வேலை, மைத்துனருக்கு ஓர் ஒப்பந்தம், வீட்டுச் சுவர் தெருவில் இரண்டடி இறங்கியிருந்தால் அதைக் காணாதிருக்கும் தயவு. இவற்றைத்தானே பெரும்பாலும் கேட்கிறோம்? அமானிதத்தை மீறும்படி பொறுப்பாளரை நாமே தூண்டிவிட்டு, பின்னர் அரசியல் கெட்டுவிட்டது என்று திண்ணையில் அமர்ந்து வருந்துவது நேர்மையாகுமா?

ஆதலின், தகுதியுடையோர் ஒதுங்கி நிற்பதும் ஒரு குற்றமே. தகுதியற்றோர் தேடி ஓடுவதும் குற்றமே. பொறுப்பில் இருப்பவரிடம் உரிமையைக் கேளாமல் சலுகையைக் கேட்பது மூன்றாவது குற்றம். முதலிரண்டும் சிலரைச் சாரும். மூன்றாவது நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவோம். பொறுப்பேற்றோர்க்கு அதைச் சுமக்கும் வலிமையையும், நமக்கு நேர்மையாகக் கேட்கும் நாவையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.