கரையின் உயரம்

பள்ளிக்கரணை. ஏரிக்கரை. வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை.

காலுக்கடியில் மண். மேலே பொடி, அடியில் இறுக்கம்.

யாரோ முன்பே நடந்து போயிருக்கிறார்கள். ஷூவின் வரிகள் மண்ணில் பதிந்திருக்கின்றன. அவற்றின்மேல் வேறு வரிகள். அவற்றுக்கும் மேல் ஒரு நாயின் கால்கள்.

*

மூச்சு உள்ளே வருகிறது. ஈரமண், ஆகாயத்தாமரை, கொஞ்சம் டீசல்.

மூச்சு வெளியே போகிறது.

வேளச்சேரி சாலையில் தாம்பரம் போகும் பேருந்து. சத்தம் வருகிறது, தேய்கிறது, இல்லாமல் போகிறது.

*

கரையின் இரண்டு ஓரங்களிலும் அருகம்புல். நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் மண்.

ஒரு கால் புல்லைக் கொல்வதில்லை. புல் மடிகிறது. மெல்ல நிமிரப் பார்க்கிறது. நிமிர்வதற்குள் அடுத்த கால்.

வேர் செத்த இடத்தில் மண் இறுகுகிறது. இறுகிய மண் மழையைக் குடிப்பதில்லை. மழை அதன்மேல் ஓடுகிறது. ஓடும்போது கொஞ்சம் மண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறது.

அடுத்த மழை அதே தடத்தில் ஓடுகிறது. போன முறையைவிடச் சற்று வேகமாக.

*

நேற்றிரவு மழை. பாதையில் நீர் தேங்கியிருக்கிறது. வானம் அதில் சாம்பல் நிறம்.

முதலில் வருபவர் நிற்கிறார். இடப்பக்கம் ஒதுங்கிப் புல்லின்மேல் போகிறார். அடுத்தவரும் அப்படியே. பிறகு வருகிறவர்கள் யோசிப்பதுகூட இல்லை. ஒதுங்கிப் போவதற்கும் ஒரு தடம் விழுந்துவிட்டது.

பாதை இப்படித்தான் அகலமாகிறது.

*

வெறுங்காலோடு ஒரு பெரியவர். கைகளைப் பின்னால் கட்டியிருக்கிறார். அவர் காலடி கேட்பதில்லை.

இரண்டு பெண்கள், பேச்சு நடுவில் ஒரு சிரிப்பு.

ஓடி வரும் பையன். காதில் ஒயர். அவன் கடக்கும்போது தரை லேசாக அதிர்கிறது. அதிர்வு என் உள்ளங்காலில் ஏறுகிறது.

எல்லோருக்கும் காலை ஒன்றுதான். கரையும் ஒன்றுதான்.

*

நீர் வரும் வழியை மனம் சொல்லிப் பார்க்கிறது.

சிட்லபாக்கம். செம்பாக்கம். நன்மங்கலம். கீழ்க்கட்டளை. நாராயணபுரம். பிறகு சதுப்புநிலம்.

ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு. இப்படி 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் மிச்சம் பள்ளிக்கரணைக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு. பக்கிங்காம் கால்வாய். கோவளம். கடல்.

எங்கும் அவசரமில்லாத நிலம். சரிவு மிகக் குறைவு. நீர் நின்று, யோசித்து, நகர்கிறது.

*

கரை, நீரைப் பிடித்துவைக்கப் போட்டது. நடை பிறகு வந்தது.

மலையில் பாதை தேய்ந்தால் பாதை தேய்கிறது. இங்கே தேய்வது கரையின் உயரம்.

தேய்ந்த இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு விரல், மூன்று விரல் ஆழம். நீருக்கு அது போதும். ஏரி நிறையும் நாளில் நீர் கரை முழுவதும் தாண்டுவதில்லை. எங்கே தாழ்வோ அங்கே தாண்டுகிறது. தாண்டிய இடத்தை அறுக்கிறது. அறுத்த இடத்தில் இன்னும் அதிக நீர்.

*

ஒரு நினைவு எழுகிறது. 2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போகும் காட்சி, எல்லோர் கைபேசியிலும்.

அந்த வெள்ளம் காலடியால் வந்ததல்ல. பெருமழை. சுருங்கிய சதுப்பு. குறுகிய வழிகள். சதுப்பின் நடுவே 200 அடி சாலை. ஓரத்தில் பெருங்குடி குப்பைமேடு.

நினைவு கொஞ்ச நேரம் நிற்கிறது. பிறகு தானே போகிறது.

*

கரைச் சரிவில் ஓர் ஆள்காட்டி. மஞ்சள் கால்கள். கண்ணருகே சிவப்பு.

அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், நாலைந்து சிறு கற்களுக்கு நடுவே முட்டையிடுகிறது. முட்டையும் மண் நிறம்.

பாதை ஒரு முழம் அகலமானால் அதற்குத் தரை ஒரு முழம் குறைகிறது.

கத்துகிறது. எழுந்து வட்டமிடுகிறது. மறுபடி கத்துகிறது. கேட்டுக்கொண்டு நிற்கிறேன். கால்கள் கொஞ்சம் பின்வாங்குகின்றன.

*

வெயில் தோளைத் தொடுகிறது. இன்னும் சூடில்லை.

*

உத்திரமேரூர் இங்கிருந்து வெகுதூரமில்லை. அங்கே கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்து எழுத்துகள். கி.பி. 919, 921.

ஏரி வாரியத்துக்கு 6 பேர். குடத்தில் போட்ட ஓலைகளிலிருந்து எடுத்த பெயர்கள். பொறுப்பு 360 நாள். பிறகு வேறு பெயர்கள்.

ஏரி காக்கும் வேலை ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. முடிந்துவிட்டது என்று யாரும் அதைக் கல்லில் வெட்டவில்லை.

*

குடிமராமத்து. கோடையில் ஊர் கூடும். வீட்டுக்கு ஓர் ஆள். மண்வெட்டி, கூடை. ஏரிக்குள்ளிருந்து தூர், கரைமேல் மண்.

ஏரி நீர் யார் வயலுக்குப் பாய்ந்ததோ அவர்கள் கை கரையில் பட்டது.

வழக்கம் தளர்ந்தபோது சட்டம் வந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம். வெள்ள அபாயத்தின்போது ஆட்களை வேலைக்கு அழைக்கவும், வழக்கமான ஏரிவேலையை விடாமல் செய்ய வைக்கவும்.

2017 மார்ச்சில் அந்தப் பழைய பெயரிலேயே அரசுத் திட்டம் ஒன்று. தாம்பரத்துக்கு அப்பால், மணிமங்கலத்தில் தொடக்கம்.

இப்போது கரையருகே வயல் இல்லை. அடுக்குமாடி வீடுகள். ஏரியிடமிருந்து இங்கே வருகிறவர்கள் எடுத்துக்கொள்வது காற்றும் நடையும்.

*

மதகின் பக்கத்தில் ஓர் அம்மா மண் சுமக்கிறார். தலையில் சும்மாடு. அதன்மேல் பாண்டு. அவர் கொட்டும் மண்ணை இன்னொருவர் மண்வெட்டியால் பரப்புகிறார்.

மழைநீர் கீறிய ஓடை, கரை உச்சியிலிருந்து அடிவரை. முழங்கால் ஆழம். நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மண் விழும் சத்தம் மெத்தென்று. மண்வெட்டியின் பின்புறம் அதைத் தட்டுகிறது. தட்டல். இடைவெளி. தட்டல்.

"ஐயா, கொஞ்சம் ஓரமா போங்க. மண்ணு இன்னும் எறங்கல."

பெரியவர் தலையசைத்து ஒதுங்குகிறார். பின்னால் வருபவருக்கு அது கேட்கவில்லை. புது மண்ணில் ஒரு முழுப் பாதம்.

அந்த அம்மா பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த பாண்டை அந்த இடத்திலேயே கொட்டுகிறார்.

*

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை.

பாதையின் நடுப்பகுதி கொஞ்சம் மேடாக இருக்க வேண்டும். நீர் பாதையோடு ஓடாமல் பக்கத்தில் இறங்கும். நீளமான இறக்கத்தில் அங்கங்கே குறுக்கே கல் பதித்தால் ஓட்டம் உடையும். கொட்டிய மண் ஈரமாக இருக்க வேண்டும். அடுக்கடுக்காகத் திமிசு போட வேண்டும். மேலே புல் பத்தை.

பிறகு, யாரும் நடக்காத சில வாரங்கள்.

மண்ணும் கல்லும் கிடைத்துவிடும். அந்தச் சில வாரங்கள்தான் எளிதில் கிடைப்பதில்லை.

*

பெரு நாட்டில் ஒரு மலைப்பாதை. இன்காக்கள் போட்ட கல்வழி, மச்சு பிச்சுவுக்குப் போவது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முழுவதும் அது மூடப்படுகிறது. அது அங்கே மழைக்காலம். பராமரிப்பு நடக்கிறது. மற்ற மாதங்களில், வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் சேர்த்தே, நாளைக்கு 500 பேர்தான்.

யாருமில்லாத அந்தப் பிப்ரவரியை மனம் பார்க்கப் போகிறது. மேகம். ஈரக் கல்.

ஆள்காட்டி கத்துகிறது. மனம் திரும்பி வருகிறது.

*

வெள்ளியங்கிரி மலை ஏறும் பக்தர்கள் மூங்கில் கழி ஊன்றிப் போகிறார்கள். ஒவ்வோர் ஊன்றலிலும் மண்ணில் ஒரு துளை.

பக்தியின் காலுக்கும் பொழுதுபோக்கின் காலுக்கும் எடை ஒன்றே. மண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

இந்த எண்ணமும் வருகிறது. இருக்கிறது. போகிறது.

*

என் எடை குதிகாலில் இறங்குகிறது. பாதம் முழுதும் படிகிறது. விரல்கள் தள்ளுகின்றன.

தள்ளும்போது சிறிது மண் பின்னால் சிதறுகிறது. அந்தச் சத்தம் இத்தனை நாள் காதில் விழுந்ததில்லை.

நின்றால் சத்தம் நிற்கிறது.

*

சதுப்பின் பக்கம் கண் போகிறது. நீலத் தாழைக்கோழி கோரைக்குள் நடக்கிறது. நீண்ட விரல்கள். உடலின் எடையைத் தண்டுகளின்மேல் பரப்பி வைக்கிறது. எதுவும் ஒடிவதில்லை.

இந்தச் சதுப்பு 2007-இல் காப்புக்காடு. 2022-இல் ராம்சர் சதுப்புநிலப் பட்டியல். ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைவிடப் பல மடங்கு.

கோரை அசைகிறது. பறவை தெரியவில்லை.

*

தேங்கிய நீரில் இப்போது வெயில். விளிம்பில் ஒரு தவளை. மூச்சில் அதன் தொண்டை ஏறி இறங்குகிறது.

ஒருவர் வருகிறார். இடப்பக்கம் ஒதுங்கிப் போகிறார்.

தவளை அசையவில்லை.

*

கூட்டம் குறைந்துவிட்டது. அலுவலக நேரம். பாண்டும் மண்வெட்டியும் மதகுச் சுவரில் சாய்ந்திருக்கின்றன. அவர்கள் நிழலில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

நிரப்பிய இடம் கரையின் மற்ற மண்ணைவிடக் கறுப்பாக இருக்கிறது. இன்னும் பாதி மிச்சம்.

*

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் டிசம்பருக்குள் பெய்துவிடும். கரைக்குப் போடும் மண் அதற்கு முன்பே இறுகியிருக்க வேண்டும். மேலே வைக்கும் புல் வேர்பிடிக்க, மண் இறுகிய பிறகும் சில வாரங்கள் ஆகும்.