யாருடைய நிறைவு?

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். பெயர் வேண்டாம். பத்தொன்பது வருஷம் பட்டணத்தில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்த்தவர். காலையில் தாம்பரம் ஸ்டேஷனுக்கு அவர் கிளம்புவதைப் பார்த்து எங்கள் வீட்டுக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம். அப்படிப்பட்டவர் தமது நாற்பத்து நான்காவது வயதில் ஒரு நாள் ராஜிநாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டின் பின்புறம் ஒரு கொட்டகை போட்டு, பொடி வியாபாரம் ஆரம்பித்துவிட்டார். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, கொள்ளுப் பொடி.

தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டு மிளகாய் வறுக்கவா இத்தனை படிப்பு?" என்றார் ஒரு பெரியவர். "மனசுக்குப் பிடித்ததைச் செய்யக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் சார்" என்றார் இன்னொருவர். நான் கதை எழுதுகிறவன் என்பதால் இரு கட்சியாரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த அம்மாளையே கேட்டுவிடலாம் என்று போனேன்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆபீஸில் நான் ஒரு நாள் வராவிட்டால் அடுத்த சீட்டுக்காரி கூட்டல் போட்டுவிடுவாள். தப்பு வந்தால் எங்கள் பிரிவில் தப்பு என்பார்கள். இங்கே பொடியில் உப்புக் கூடினால் என்னைத்தான் திட்டுகிறார்கள். பத்தொன்பது வருஷமாக என்னை யாரும் திட்டவில்லை சார், பாராட்டவும் இல்லை."

வேலையில் நிறைவு என்பதைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இது எனக்கு மிகவும் பிடித்தது. அர்த்தமுள்ள வேலை என்று தனி ஜாதி ஒன்று கிடையாது. கணக்கு எழுதுவது மட்டம், பொடி இடிப்பது உயர்வு என்று யாராவது சொன்னால் அது வெறும் பேச்சு. தான் செய்ததற்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் மனிதருக்கு வேலையில் ருசி உண்டாகிறது. அந்த அம்மாள் பொடியைத் தேடிப் போகவில்லை. தம் பெயரைத் தேடிப் போனார்.

எங்கள் ஊரின் சுபாவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் 1931-இல் வந்தது. அன்று முதல் இது வேறு எங்கோ போய் வேலை செய்கிறவர்கள் உறங்குவதற்காக வளர்ந்த ஊர். குரோம்பேட்டை, பல்லாவரம், செம்பாக்கம், எல்லாமே அப்படித்தான். 1984-இல் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்த பிறகு ஆயிரக்கணக்கான பெண்கள் இங்கேயே வேலைக்கு வரத் தொடங்கினார்கள். ஆனாலும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு உத்தியோகம் என்றால் இன்றும் ரயில்தான். சொந்தத் தெருவிலேயே பிழைப்பைத் தேடிக்கொண்டவள் பூக்காரியும் இட்லிக்காரியும்தான். அவர்களை நாம் தொழிலதிபர் என்று சொன்னதே இல்லை. படித்தவள் ஒருத்தி அதே அடுப்பின் முன் உட்கார்ந்தால் மட்டும் பத்திரிகையில் படம் போடுகிறோம்.

இந்த இடத்தில்தான் என் மனத்தில் முதல் முள் தைத்தது. வேலையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் யாருக்கு இருக்கிறது? கையில் பிராவிடண்ட் பண்டு இருந்தது. கணவருக்குச் சம்பளம் இருந்தது. சொந்த வீட்டில் கொட்டகை போட இடம் இருந்தது. அதனால் அந்த அம்மாள் நிறைவைத் தேட முடிந்தது. இவை ஒன்றும் இல்லாதவள் தேடுவது அரிசியை அல்லவா?

பாட்ரீஷியா நாராயணின் வாழ்க்கையை வாசகர்களில் பலர் அறிந்திருப்பார்கள். குழந்தைகளை வளர்க்கத் தாமே சம்பாதித்தாக வேண்டிய நிலையில், 1982-இல் மெரீனா கடற்கரையில் ஒரு தள்ளுவண்டிக் கடை போட்டவர் அவர். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி. வரவு ஐம்பது காசு. பிறகு ஆபீஸ் கான்டீன்கள். பிறகு எங்கள் தென்கோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் இருந்த துறைமுக நிர்வாகப் பயிற்சி நிறுவனத்தில் மாணவர்களுக்குச் சாப்பாடு. பின்னால் சொந்த ஓட்டல்கள். 2010-இல் இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பான ஃபிக்கி அவருக்குச் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது கொடுத்தது.

அவர் அர்த்தத்தைத் தேடி மெரீனாவுக்குப் போகவில்லை. அரிசியைத் தேடித்தான் போனார். அர்த்தம் பின்னால் வந்தது. இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது விருது அல்ல. அந்த முதல் வண்டியிலேயே, உடல் ஊனமுற்ற இரண்டு பேரைப் பழக்கி வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. தமக்கே அடுத்த வேளை நிச்சயமில்லாத போதும் அவருடைய பிழைப்பில் இன்னும் இருவருடைய பிழைப்பு சேர்ந்திருந்தது. இதை நினைத்தபோதுதான் எங்கள் தெருக் கொட்டகையை வேறு கண்ணால் பார்க்கத் தோன்றியது.

ஏனென்றால் அந்தக் கொட்டகையில் இன்னொரு பெண் இருந்தாள். நாங்கள் யாரும் அவளைப் பற்றிப் பேசவே இல்லை. மப்பேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். அதற்கு முன்பு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். மிளகாய் வறுப்பதும் மாவு மில்லுக்குச் சுமந்து போவதும் சலிப்பதும் அவள்தான். ஒரு நாள் கேட்டேன்:

"ஏம்மா, இந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா?"

அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "வேலையில என்ன சார் பிடிக்கிறது? அங்க பாத்திரம், இங்க மிளகா. இங்க கண்ணு எரியுது. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஒரே கூரை. ஒரே அடுப்பு. ஒரே நெடி. ஒருத்திக்கு அது வாழ்க்கையின் இரண்டாவது பிறவி. மற்றவளுக்குக் கண் எரிச்சல். அப்படியானால் நிறைவு வேலையில் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. பாக்கெட்டின் மேல் யார் பெயர் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. என் நிறைவுக்காக நான் நடத்தும் தொழிலில், என்னிடம் வேலை செய்கிறவளுக்குக் கூலி மட்டும் போதும் என்று நினைத்தால், எந்த ஆபீஸை விட்டு ஓடி வந்தேனோ அதே ஆபீஸை என் கொல்லையில் நானே கட்டிவிட்டேன் என்றுதானே அர்த்தம்?

எங்கள் பகுதியில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. சேலையூரைத் தாண்டிப் போனால் மாடம்பாக்கம். சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். அங்கே 1954-இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு நல நிலையம் அமையத் துணை நின்றவர் சகோதரி சுப்பலட்சுமி. பிள்ளைப் பிராயத்திலேயே விதவையாகி, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தமக்குக் கிடைத்த படிப்போடு அவர் திருப்தி அடைந்து உட்கார்ந்துவிடவில்லை. திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் அங்கிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, வயது அறுபத்தெட்டை எட்டிய பிறகும், ரயில் தடத்தைவிட்டு விலகியிருந்த ஒரு கிராமத்துக்கு அவர் வந்தார். தமது நிறைவு இன்னொருத்தியின் பிழைப்பாக மாறினால்தான் அது முழுமை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அவருக்குப் பின் வந்த ஜெயா அருணாசலமும் அப்படித்தான். அரசியல் கட்சியில் பெயர் பெற்றிருந்தவர், அதை விட்டு விலகி 1978-இல் சென்னையில் ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கினார். 2019-இல் காலமாகும் வரை அதுவே அவர் வேலை. நடைபாதையில் காய்கறி விற்கிற பெண்களுக்கு அவர் புதுத் தொழில் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. தொழில் அவர்கள் கையில் இருந்தது. முதல்தான் கந்துவட்டிக்காரன் கையில் இருந்தது. குழுவாகச் சேர்ந்து பாங்கில் சிறு கடன் வாங்க வழி செய்தார். வேலை மாறவில்லை. வேலையின் நிபந்தனை மாறியது.

2013-இல் எடுத்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில், இந்தியாவில் பெண்கள் நடத்தும் தொழில்கள் சுமார் 80 லட்சம் என்று கண்டார்கள். மற்ற எந்த மாநிலத்தையும் விட அதிகப் பங்கு தமிழ்நாட்டுக்கு. நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல். பெருமைப்படலாம். ஆனால் அந்த 80 லட்சத்தில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை கூலிக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ளாதவை. முதலாளியும் அவளே, தொழிலாளியும் அவளே. அவளுக்கு நான் சொல்லும் தர்மசங்கடம் இல்லை. அது ஒருத்தியையாவது வேலைக்கு வைத்துக்கொள்கிறவளுக்குத்தான்.

மிளகாயும் பாத்திரமும் ஒன்றுதான் என்று அந்தப் பெண் சொன்னதை எங்கள் தெரு அம்மாளிடம் சொன்னேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கொள்ளுப் பொடியை முழுதாக அவளிடம் ஒப்படைத்துவிட்டார். பக்குவம் அவளுடையது, உப்பு உறைப்பு அவள் இஷ்டம், விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூலிக்கு மேல் ஒரு பங்கு. சில மாதம் கழித்து ஒரு வாடிக்கைக்காரர் கொள்ளுப் பொடியில் உப்பு அதிகம் என்று போன் செய்தார். அம்மாள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் இவள் போனைப் பிடுங்கிக்கொண்டு, "என் கையில உப்புக் கூடாது சார், உங்க வீட்டு நெய்யில உப்பு இருக்கான்னு பாருங்க!" என்று சண்டைக்குப் போய்விட்டாள். வியாபாரத்துக்கு அது நஷ்டம். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

ஒரு பொடியில் பங்கு கொடுத்துவிட்டதால் நியாயம் முழுதும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அவளுக்கு இன்றும் கண் எரிகிறது.

இதுவரை மற்றவர் வீட்டுக் கதை. என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட நான், ஒரு லாரி ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். முப்பத்தொன்றாம் வயதில் எழுத்தே வாழ்க்கை என்று தீர்மானித்து அதையும் விட்டேன். எட்டு வருஷம் எழுத்தில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. குரோம்பேட்டையில் குடியிருந்த வீட்டின் முன்னறையில் என் மனைவி ரவிக்கை தைத்துக் குடும்பத்தை நடத்தினாள். பிறகு எனக்குக் கொஞ்சம் பெயர் வந்தது. ஒரு பத்திரிகையிலிருந்து பேட்டிக்கு வந்தவர், நிரந்தர வேலையை உதற எப்படி இவ்வளவு தைரியம் வந்தது என்று கேட்டார். லட்சியம், ஆன்மாவின் குரல் என்றெல்லாம் என்னென்னவோ சொன்னேன். அவள் காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று இரவு பாய் விரிக்கும்போது மெதுவாகச் சொன்னாள்:

"தைரியம் உங்களுக்கு. வாடகை எனக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

பொடிக் கொட்டகைக்கு நியாயம் கேட்கப் போன நான், என் வீட்டு முன்னறையில் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அதைவிட வெட்கம், சென்ற வருஷம் அவள் ஒரு விஷயம் சொன்னபோது நான் சொன்ன பதில். ரவிக்கை தைத்துத் தைத்து அலுத்துவிட்டதாம். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்று ஆரம்பிக்க ஆசையாம். சேமிப்பிலிருந்து ஆறு மெஷின் வாங்க வேண்டும், ஓர் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை: "இந்த வயசில் இப்போது அது எதற்கு?"

தெருவில் கேள்வி கேட்டாரே ஒரு பெரியவர், அவருடைய குரல் அப்படியே என் தொண்டையில் இருந்தது.

வேலையை மாற்றிக்கொள்வது சுயநலமா, துணிவா என்று என்னைக் கேட்டவர்களுக்கு இப்போது ஒன்று மட்டும் சொல்லலாம் என்று தோன்றுகிறது. மாறுவதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. நீ மாறுவதற்காக வாடகை கொடுத்தது யார், அந்த ஆளுடைய முறை எப்போது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் கணக்குக் காட்ட முடிந்தவர்கள் நிறைவைப் பற்றித் தாராளமாகப் பேசட்டும்.

இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் ஆறு மெஷின்கள் ஓடுகின்றன. எட்டுப் பெண்கள் வருகிறார்கள். இரண்டு பேரிடம் அவள் பணம் வாங்குவதில்லை, ஏன் என்று நானும் கேட்பதில்லை. மாலையில் வகுப்பு முடிந்து அவள் வருகிற நேரத்துக்கு வீட்டில் காபி போட்டு வைப்பது என் பொறுப்பு. சர்க்கரை கூடினால் என்னைத்தான் திட்டுகிறாள்.